காற்று அசையும் இடத்தில் ஃபோம்: வீட்டு ஒலிப்பதிவு அறையின் இயற்பியல்

வீட்டின் ஓர் அறையை ஒலிப்பதிவுக்கென ஒதுக்கி, நான்கு சுவர்களிலும் ஓர் அங்குல ஃபோம் ஒட்டியிருக்கும் வாசகர் ஒருவர் இவ்வாறு கேட்டிருக்கிறார்: “இப்போது கைதட்டினால் எதிரொலி கேட்பதில்லை. ஆனாலும் பதிவில் என் குரல் மங்கலாக, ஏதோ பானைக்குள்ளிருந்து பேசுவதுபோல் குமுறலாக இருக்கிறது. மீதமிருக்கும் இடங்களிலும் ஃபோம் ஒட்டிவிட வேண்டுமா?” வேண்டாம் என்பதே என் பதில். அவர் வாங்கியதில் பாதி அளவு ஃபோம் போதும். ஆனால் அது இருமடங்கு தடிமனாகவும், சுவரிலிருந்து சற்று விலகியும், சரியான இடத்திலும் இருக்க வேண்டும். ஏன் என்று புரிந்துகொள்ள, ஃபோமுக்குள் ஒலிக்கு என்ன நேர்கிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

முதலில் ஒரு தவறான எதிர்பார்ப்பை விலக்கிவிடுவோம். ஃபோம் வெளியிலிருந்து வரும் சத்தத்தைத் தடுக்காது. ஒலி ஒரு சுவரைக் கடந்து செல்வதைத் தடுப்பது பெரும்பாலும் அந்தச் சுவரின் எடைதான். ஒரு சதுர மீட்டருக்கான எடையை இருமடங்காக்கினால் தடுப்பு ஏறக்குறைய 6 டெசிபெல் கூடுகிறது. ஃபோமுக்கோ எடையே இல்லை எனலாம். அறைக்குள் பிறந்த ஒலி சுவரில் பட்டுத் திரும்பி மைக்குக்கு வந்து சேர்வதைக் குறைப்பது மட்டுமே அதன் வேலை.

ஒலி என்பது காற்றில் பரவும் அழுத்த அலை என்பதும், அதன் வேகம் 20 டிகிரி செல்சியஸில் நொடிக்குச் சுமார் 343 மீட்டர் என்பதும், வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்தால் அலைநீளம் கிடைக்கும் என்பதும் பள்ளிப் பாடம். 100 ஹெர்ட்ஸுக்கு 3.4 மீட்டர், 1,000 ஹெர்ட்ஸுக்கு 34 சென்டிமீட்டர், 10,000 ஹெர்ட்ஸுக்கு 3.4 சென்டிமீட்டர். இந்த மூன்று எண்களை நினைவில் வைத்துக்கொண்டால் மற்றவை தாமே விளங்கும்.

இனி, என்னைப் பல ஆண்டுகளாக வியக்க வைக்கும் பகுதிக்கு வருகிறேன். ஒருவர் இயல்பாகப் பேசும்போது ஒரு மீட்டர் தொலைவில் ஒலியின் அளவு சுமார் 60 டெசிபெல். அந்த அளவில், 1,000 ஹெர்ட்ஸ் ஒலி கடந்து செல்லும்போது காற்றுத் துணுக்குகள் தம் இடத்திலிருந்து முன்னும் பின்னும் நகரும் தொலைவு ஏறத்தாழ 8 நானோமீட்டர். அதாவது ஒரு மீட்டரை நூறு கோடிக் கூறுகளாகப் பிரித்தால் அதில் எட்டுக் கூறுகள். இத்தனை நுண்ணிய ஆட்டத்தை ஃபோம் பிடித்து நிறுத்துகிறது. எப்படி?

திடப்பொருள் ஒன்றின் பரப்பை ஒட்டியிருக்கும் காற்று அந்தப் பரப்போடு ஒட்டிக்கொண்டு அசையாமல் நிற்கும். அதற்கு அடுத்த படலம் சற்றே அசையும். அதற்கடுத்தது இன்னும் கொஞ்சம். இப்படி அசையாத காற்றிலிருந்து தாராளமாக அசையும் காற்று வரையிலான மாற்றம் மிக மெல்லிய ஓர் எல்லைப் படலத்துக்குள் நடந்து முடிகிறது. 1,000 ஹெர்ட்ஸில் அதன் தடிமன் சுமார் 0.07 மில்லிமீட்டர், ஏறக்குறைய ஒரு தலைமுடியின் தடிமன். இந்தப் படலத்துக்குள் காற்றின் அடுக்குகள் ஒன்றன்மீது ஒன்று உரசிச் செல்வதால், பாகுநிலை (அடுக்குகள் ஒன்றையொன்று இழுத்துத் தடுக்கும் தன்மை) காரணமாக அசைவின் ஆற்றல் வெப்பமாக மாறுகிறது. வெறும் சுவரிலும் இது நடக்கிறது. ஆனால் அங்கே உரசுவதற்கு இருப்பது ஒரே ஒரு தட்டையான பரப்பு. திறந்த நுண்ணறைகள் கொண்ட ஃபோமிலோ, மில்லிமீட்டரின் சில பத்தில் ஒரு பங்கே அகலமுள்ள துளைகள் ஒன்றோடொன்று இணைந்து கிடக்கின்றன. துளையின் அளவும் எல்லைப் படலத்தின் தடிமனும் ஏறக்குறைய ஒரே வரிசையில் இருப்பதால், உள்ளே நுழைந்த காற்றில் பெரும்பகுதி ஏதோ ஓர் இழைக்கு அருகிலேயே இருந்தாக வேண்டும். உரசாமல் தப்பிப் போக வழியே இல்லை.

இதோடு இன்னொரு இழப்பும் சேர்கிறது. அழுத்தப்படும் காற்று மிக இலேசாகச் சூடாகிறது, விரியும்போது குளிர்கிறது. திறந்த வெளியில் இந்தச் சூடு அப்படியே திரும்பக் கிடைத்துவிடும். ஃபோமுக்குள் அந்தச் சூட்டின் ஒரு பகுதியை அருகிலுள்ள இழைகள் வாங்கிக்கொண்டு, காலம் தவறித் திருப்பித் தருகின்றன; அந்தக் காலப்பிழையில் அலை தன் ஆற்றலை இழக்கிறது. இத்தனைக்கும் பிறகு ஃபோம் எவ்வளவு சூடாகும் என்று கேட்டால், அளந்தறிய முடியாத அளவே. பேச்சுக் குரலின் ஒலித்திறன் சில பத்து மைக்ரோவாட்டுகளைத் தாண்டுவது அரிது.

கடையில் ஃபோம் வாங்கும்போது உதடுகளை அதன்மேல் அழுத்தி வைத்து ஊதிப் பாருங்கள். மூச்சு லேசான தடையோடு மறுபக்கம் போக வேண்டும். போகவே இல்லையென்றால் அது மூடிய நுண்ணறைகள் கொண்ட பொதிகட்டும் ரகம். காற்றே உள்ளே நுழையாத பொருளில் உராய்வுக்கு இடமேது? தடையே இல்லாமல் போனால் துளைகள் பெரிதாகிவிட்டன, உராய்வு போதாது. இரண்டுக்கும் நடுவில் இருப்பதே நமக்கு வேண்டியது.

ஆக, ஃபோம் தின்பது காற்றின் அசைவை. இங்கேதான் சிக்கல் வருகிறது, ஏனெனில் சுவரை ஒட்டிய இடத்தில் காற்றால் அசைய முடியாது. சுவரை நோக்கி வரும் அலையும் திரும்பிப் போகும் அலையும் சேரும்போது, சுவரின் பரப்பில் அழுத்தம் உச்சத்திலும் காற்றின் அசைவு சுழியிலும் இருக்கும். அசைவு உச்சத்தை எட்டுவது சுவரிலிருந்து கால் அலைநீளம் தள்ளி. சுவரோடு ஒட்டிய மெல்லிய ஃபோம், அந்த அலையைப் பொறுத்தவரை, காற்று அசையாத இடத்தில் உராய்வைக் கொண்டுபோய் வைத்ததாகிவிடுகிறது.

எண்களாகப் பார்ப்போம். ஓர் அங்குல ஃபோமின் முகப்பு கால் அலைநீளத்தில் அமைவது சுமார் 3,400 ஹெர்ட்ஸுக்கு. அதற்குக் கீழே உறிஞ்சல் சட்டென்று நின்றுவிடுவதில்லை என்றாலும், கீழே போகப் போகத் தேய்ந்து, சில நூறு ஹெர்ட்ஸில் பெயரளவுக்கே எஞ்சும். 5 சென்டிமீட்டர் ஃபோமுக்கு அந்த எல்லை சுமார் 1,700 ஹெர்ட்ஸ். அதே 5 சென்டிமீட்டர் ஃபோமைச் சுவரிலிருந்து 5 சென்டிமீட்டர் விலக்கி நிறுத்தினால், முகப்பு 10 சென்டிமீட்டரில் அமைந்து, எல்லை சுமார் 860 ஹெர்ட்ஸுக்கு இறங்குகிறது. வெறும் காற்றிடைவெளி, எந்தச் செலவும் இல்லாமல், ஒரு முழு எண்மத்தை, அதாவது அதிர்வெண் பாதியாகும் அளவை, நமக்குத் தருகிறது. ஒலியியலில் இதைவிட அழகான பேரம் எனக்குத் தெரியவில்லை.

நம் வாசகரின் அறையில் நடந்தது இதுதான். ‘ச’, ‘ஷ’ போன்ற ஒலிகளின் தெளிவைத் தாங்கும் மேல் அதிர்வெண்களை நான்கு சுவர்களும் சேர்ந்து விழுங்கிவிட்டன. குரலின் உடலைத் தாங்கும் கீழ்ப்பகுதியைத் தொடவே இல்லை. அறை அமைதியாகவில்லை, ஒருபக்கம் சாய்ந்துவிட்டது.

எவ்வளவு பரப்பு போதும் என்ற கேள்விக்கு விடை தரும் சூத்திரம் ஓர் உதவாத வகுப்பறையில் பிறந்தது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஃபாக் கலைக்கூடத்தில் கட்டப்பட்ட விரிவுரை மண்டபத்தில், பேசிய சொல் சுமார் ஐந்தரை விநாடி ஒலித்துக்கொண்டே இருந்ததால் யாருக்கும் எதுவும் புரியவில்லை. 1895ஆம் ஆண்டில் அதைச் சரிசெய்யும் பொறுப்பு வாலஸ் கிளமென்ட் சேபின் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரிடம் தரப்பட்டது. அவர் சாண்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவுகளில் தூக்கிவந்து மண்டபத்தில் பரப்பி, ஓர் ஆர்கன் குழாயை ஊதி நிறுத்தி, ஒலி மறையும் நேரத்தைத் தம் காதாலேயே கேட்டு அளந்தார். அவர் கண்ட உறவின்படி, அறையின் கனஅளவை 0.161ஆல் பெருக்கி, மொத்த உறிஞ்சு பரப்பால் (ஒவ்வொரு பரப்பையும் அது உறிஞ்சும் விகிதத்தால் பெருக்கிக் கூட்டியது) வகுத்தால், ஒலி 60 டெசிபெல் தேய எடுக்கும் நேரம், அதாவது முழக்க நேரம், விநாடிகளில் கிடைக்கும். 1900இல் திறக்கப்பட்ட பாஸ்டன் சிம்பொனி மண்டபம் இந்த அறிவின்மீது எழுந்தது.

4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் கொண்ட ஓர் அறையை எடுத்துக்கொள்வோம். பூச்சுச் சுவர்கள் சராசரியாக 5 விழுக்காடு உறிஞ்சுகின்றன என்று கொண்டால், முழக்க நேரம் சுமார் 1.75 விநாடி. 80 விழுக்காடு உறிஞ்சும் பலகைகளை 6 சதுர மீட்டர் மாட்டினால் அது 0.74 விநாடிக்கு இறங்கும். 12 சதுர மீட்டரில் 0.47 விநாடி. முதல் 6 சதுர மீட்டர் ஒரு முழு விநாடியைக் குறைத்தது, அடுத்த 6 சதுர மீட்டர் கால் விநாடிக்குச் சற்று மேலேதான். எனவே எல்லாச் சுவர்களையும் போர்த்துவதில் பொருளில்லை.

இனி இடம். பெரும்பாலோர் மைக்குக்குப் பின்னால், தாம் பார்த்துப் பேசும் சுவரில்தான் முதலில் ஃபோமை மாட்டுகிறார்கள். ஆனால் வீட்டில் பயன்படும் பெரும்பாலான மைக்குகள் கார்டியாய்டு வகை. அவை முன்பக்கம் நன்றாகவும் பின்பக்கம் மிகக் குறைவாகவும் கேட்கும். அந்த மைக் பார்த்துக்கொண்டிருப்பது பேசுபவரையும், அவருக்குப் பின்னால் உள்ள சுவரையும். ஆகவே பேசுபவரின் முதுகுப்புறச் சுவரே முதல் உரிமை பெற வேண்டியது. அடுத்து பக்கச் சுவர்கள்: உதவிக்கு ஒருவரை அழைத்து, சுவரோடு ஒரு கண்ணாடியை நகர்த்தச் சொல்லுங்கள், மைக் இருக்கும் இடத்திலிருந்து பார்க்கும்போது பேசுபவரின் வாய் கண்ணாடியில் எங்கே தெரிகிறதோ, ஒலி அங்கேதான் பட்டுத் திரும்புகிறது. மேற்கூரைக்கும் இதே முறை. நேராக வரும் ஒலியைவிட ஒரு மீட்டர் சுற்றி வரும் எதிரொலி சுமார் 3 மில்லிவிநாடி பிந்துகிறது. அதனால் 172, 515, 858 ஹெர்ட்ஸ் என வரிசையாக இரு ஒலிகளும் ஒன்றையொன்று தணித்துப் பள்ளங்கள் விழுந்து, குரல் உள்ளீடற்றதுபோல் ஒலிக்கிறது. மேசையும் இந்தக் குற்றத்தில் பங்குடையது. மைக்கின் கீழே தடித்த துணியொன்றை விரிப்பது நல்லது.

எதிரெதிர்ச் சுவர்களில் பலகைகளை நேருக்கு நேராக மாட்டாமல், ஒன்றின் வெற்றிடத்துக்கு எதிரே மற்றதன் பலகை வரும்படி மாற்றி மாற்றி மாட்டினால், இரு வெற்றுச் சுவர்களுக்கிடையே ஒலி ஓடிக்கொண்டே இருக்கும் படபடப்பு அடங்கும். பலகைகளுக்கிடையே இடைவெளி விடுவதிலும் ஆதாயம் உண்டு: விளிம்புகளில் ஒலி வளைந்து உள்ளே நுழைவதால், ஒரே பரப்புள்ள ஃபோம் சிதறி இருக்கும்போது சற்று அதிகமாக உறிஞ்சும்.

குமுறலுக்கு மட்டும் இவை எதுவும் மருந்தாகாது. 3 மீட்டர் இடைவெளியுள்ள இரு சுவர்களுக்கிடையே 57 ஹெர்ட்ஸிலும் 114 ஹெர்ட்ஸிலும் நிலை அலைகள் (முன்னும் பின்னும் ஓடும் ஒலி ஒன்றுசேர்ந்து ஓரிடத்தில் நிற்பதுபோல் வலுப்படுபவை) நிற்கும். பல ஆண்குரல்களின் அடிப்படை அதிர்வெண் இந்த 114 ஹெர்ட்ஸுக்கு அருகில்தான் இருக்கிறது. அகலமும் உயரமும் சமமாக இருக்கும் அறையில் இவை இருமடங்காகத் திரள்கின்றன. அந்த 114 ஹெர்ட்ஸ் அலையின் அழுத்தம் அறையின் நட்டநடுவில் உச்சத்தில் இருப்பதால், மைக்கை நடுவிலிருந்து நகர்த்துவதே முதல் சிகிச்சை. இரண்டாவது, 10 சென்டிமீட்டருக்குக் குறையாத கண்ணாடிக் கம்பளிப் பலகைகளைத் துணியால் போர்த்தி, மூலைகளில் குறுக்காக, பின்னே இடைவெளியோடு நிறுத்துவது. மூன்றாவது செலவில்லாதது: வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தொலைவைப் பாதியாக்கினால், நேரடிக் குரல் அறையின் ஒலியைவிட 6 டெசிபெல் உயரும்.

ஃபோமின் பிரமிடு வடிவத்தின்மீதுள்ள நம்பிக்கையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 1943இல் ஒலியியல் அறிஞர் லியோ பெரானெக் ஹார்வர்டில் அமைத்த எதிரொலியற்ற அறையின் சுவர்களில் ஆப்பு வடிவங்கள் நிறைந்திருந்தன. ஆனால் அத்தகைய ஆப்புகள் கீழ் அதிர்வெண்களில் பயன்பட, கால் அலைநீளத்தோடு ஒப்பிடத்தக்க ஆழம் அவற்றுக்கு வேண்டும். 5 சென்டிமீட்டர் பிரமிடுகளில் நடப்பது பொருளை வெட்டி எடுத்துவிடுவதுதான். அதே தடிமனுள்ள தட்டைப் பலகை கீழ்ப்பகுதியில் அதைவிட நன்றாக உறிஞ்சும். முட்டை அட்டைகளை ஒட்டுவது முழு மூடநம்பிக்கை. அவற்றில் உராய்வுக்கான தடிமன் இல்லை, எடையும் இல்லை, தீப்பற்றும் குணம் மட்டும் உண்டு.

தீயைப் பற்றிக் கடுமையாகவே சொல்ல வேண்டும். சாதாரண பாலியூரித்தேன் ஃபோம் விநாடிகளில் பற்றி, கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரஜன் சயனைடையும் கக்கும். 2003 பிப்ரவரியில் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் ஓர் இரவு விடுதியில், மேடை வாணவேடிக்கையின் பொறி சுவர் ஃபோமில் பட்டு 100 பேர் இறந்தனர். தீத்தடுப்புச் சான்று பெற்ற பொருளை மட்டும் வாங்குங்கள்; மின்பெட்டி, சூடாகும் விளக்கு ஆகியவற்றின் அருகில் அதையும் மாட்டாதீர்கள்.

மாட்டும் முறை எளிது. சுருட்டி அழுத்தி அனுப்பப்பட்ட ஃபோமை ஒரு நாள் விரித்துவைத்து அது முழுத் தடிமனுக்கு எழும்பிய பிறகே கையாள வேண்டும். நேராகச் சுவரில் பசை தடவினால், கழற்றும்போது சுண்ணமும் ஃபோமும் சேர்ந்து கிழிந்து வரும். இருபக்க ஒட்டுநாடா வெப்பத்திலும் ஈரத்திலும் சில மாதங்களில் கைவிட்டுவிடும். 5 சென்டிமீட்டர் ஆழமுள்ள மரச்சட்டம் செய்து, அதன் முன்பக்கம் பலகை போடாமல் சில குறுக்குப் பட்டிகளை மட்டும் அடித்து, அவற்றின்மேல் ஃபோமை ஒட்டுங்கள். ஃபோமுக்கும் காற்றிடைவெளிக்கும் நடுவே முழுப் பலகை வைத்தால் இடைவெளிக்குப் பலன் இருக்காது. பசை ஃபோமைக் கரைக்கிறதா என்று ஒரு துண்டில் முன்பே சோதித்துக்கொள்ளுங்கள். சட்டத்தை இரண்டு திருகாணிகளில் தொங்கவிட்டால் போதும். உட்கார்ந்து பேசுபவருக்குப் பலகையின் நடுப்பகுதி தரையிலிருந்து சுமார் 1.2 மீட்டரிலும், நின்று பாடுபவருக்கு 1.5 மீட்டரிலும் வர வேண்டும்.

துளையிடும் முன், சட்டங்களை நாற்காலிகளின்மேல் சாய்த்துவைத்து, ஒரே பத்தியை ஒரே தொலைவில் ஒவ்வோர் அமைப்பிலும் வாசித்துப் பதிவு செய்யுங்கள். பதிவுகளை ஹெட்ஃபோனில் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டு, குரலின் கூர்மை குறையத் தொடங்கும் நிலைக்கு ஒரு படி முன்னால் நிறுத்திக்கொண்டு, அந்த இடங்களைச் சுவரில் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள்.