மண்ணீரலை எடுக்க நாள் குறிக்கும் முன்

கும்பகோணம் பக்கம் ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் சுவரொட்டி கேட்டு வாங்குகிறவர்கள் உண்டு. ரத்தம் ஊறும் என்று சோகை பிடித்த பெரியவர்களுக்குச் சுட்டுக் கொடுப்பார்கள். அது ஆட்டின் மண்ணீரல். இரும்புச்சத்து அதில் உண்மையிலேயே அதிகம். காரணம், கிழடான சிவப்பணுக்கள் உடைந்து இரும்பை விட்டுப்போகும் இடமே அதுதான்.

நம் மண்ணீரல் இடப்பக்க விலாவுக்கு அடியில் இருக்கிறது. எடை சுமார் 150 கிராம். களத்தில் நெல் தூற்றுவதுபோல அது ரத்தத்தைத் தூற்றுகிறது. ஏழெட்டு மைக்ரான் அகலமுள்ள சிவப்பணு, ஒன்றிரண்டு மைக்ரான் இடுக்கில் நெளிந்து வெளியேற வேண்டும். 120 நாள் ஓடி விறைத்துப்போனது சிக்கிக்கொள்ளும். விழுங்கணுக்கள் அதைத் தின்றுவிடும்.

சிலருக்கு நோய் எதிர்ப்பு மண்டலம் தடம் மாறி, ரத்தத்தை உறையவைக்கும் நல்ல தட்டணுக்கள் மீதே எதிர்ப்பொருளை ஒட்டிவிடுகிறது. மண்ணீரல் அவற்றையும் பதரென்று ஒதுக்குகிறது. ஈறில் ரத்தம், காலில் செம்புள்ளி. மாத்திரைகள் பலிக்காவிட்டால் மண்ணீரலையே எடுப்பது 1916 முதல் இருக்கும் வழி. மூன்றில் இரண்டு பேருக்குப் பலன் நீடிக்கும். வயதானவர்களுக்குப் பலன் குறைவு, ரத்தக்கட்டி ஆபத்து அதிகம். அதனால்தான் டாக்டர்கள் பொதுவாக ஒரு வருடமாவது மருந்தோடு பொறுத்துப் பார்க்கிறார்கள்.

சரி, எடுத்தே ஆக வேண்டுமென்றால்? தடுப்பூசிதான் முதல் வேலை. நிமோனியாவை உண்டாக்கும் நிமோகாக்கஸ் போன்ற, சர்க்கரை உறை போர்த்திய கிருமிகளை ரத்தத்திலிருந்து பிடிப்பதில் மண்ணீரலுக்கு நிகரில்லை. அது உடம்பில் இருக்கும்போதே ஊசி போட்டால் எதிர்ப்பு நன்றாக உருவாகும். ஆகவே குறைந்தது இரண்டு வாரம் முன்னதாகப் போட வேண்டும். இதே நோய்க்குத் தரப்படும், எதிர்ப்பு அணுக்களை அடக்கும் ரிட்டுக்சிமாப் மருந்தைச் சமீபத்தில் ஏற்றியிருந்தால் ஊசி சரியாகப் பிடிக்காது. அதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

அப்புறம், காய்ச்சல். என் மனதை உறுத்துவது இதுதான். நடவு நேரத்தில் உடம்பு சுட்டால் ஒரு கசாயம், மெடிக்கலில் இரண்டு மாத்திரை என்று விடியும்வரை பார்ப்பது நம் வழக்கம். மண்ணீரல் இல்லாதவருக்கு அந்த ஓர் இரவே உயிரைப் பறித்துவிடலாம். தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச்சேர நேரமாகும் ஊராக இருந்தால், அவசரத்துக்கு வீட்டில் வைக்க ஆன்டிபயாட்டிக் எழுதித் தரும்படி முன்பே கேட்டு வாங்குங்கள். குளிர் எடுத்ததும் முதல் வேளையைப் போட்டுக்கொண்டு, அப்போதே கிளம்பிவிட வேண்டும்.

தெருநாய் கடித்தாலும் வெறிநாய்க்கடி ஊசியோடு திரும்பிவிடாதீர்கள். நாயின் எச்சிலில் வாழும் ஒரு கிருமி, மண்ணீரல் இல்லாதவரின் ரத்தத்தில் வேகமாகப் பரவும். மண்ணீரலை எடுத்த விஷயத்தை ஊசி போடும் டாக்டரிடம் முதலில் சொல்லுங்கள்.