மூன்று கியூபுக்கும் ஒரே எண்ணா?

எக்ஸ்டர்னலாக, அதாவது வெளித் தேர்வாளராக, நான் போன இடத்தில் இந்த வருடமும் அதே கதை. சிவில் இறுதியாண்டு புராஜெக்ட். சிமெண்டில் 20 சதவீதத்துக்குப் பதில் ஃபிளை ஆஷ், அதாவது அனல்மின் நிலையச் சாம்பல். உடைத்துச் சோதிக்க வார்க்கும் கான்கிரீட் கட்டிதான் கியூப். ரிப்போர்ட்டில் 28 நாள் வலிமை, மூன்று கியூபுக்கும் அச்சடித்தாற்போல் 31.4. சராசரியிலிருந்து 15 சதவீதம் வரை விலகலாம் என்று ஐ.எஸ். 456 என்னும் இந்தியக் கான்கிரீட் தரநிலை இடம் கொடுப்பதே, எவ்வளவு கவனமாக வார்த்தாலும் கான்கிரீட் அப்படி ஒத்துப்போகாது என்பதால்தான். "எந்தத் தொட்டியில் கியூரிங் போட்டீங்க?" என்றேன். கட்டியைத் தண்ணீரில் ஊறவைப்பதுதான் கியூரிங்.

"சென்டர்லயே எல்லாம் பண்ணிக் கொடுத்துட்டாங்க சார்."

காசு வாங்கிக்கொண்டு புராஜெக்ட் செய்து தரும் இடத்தைத்தான் "சென்டர்" என்கிறான். பையன்களை மட்டும் திட்டிப் பயனில்லை. தலைப்பு கேட்டு வருகிறவர்களை "புதுசா ஏதாவது கொண்டு வாங்க" என்று விரட்டுவது ஆசிரியர்களான நாம்தான். இளங்கலை மாணவன் உலகத்துக்கே புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. திரும்பவும் சொல்கிறேன், வேண்டியதே இல்லை. வழிகாட்டும் ஆசிரியரான கைடுக்கும் விடை தெரியாத ஒரு கேள்வி இருந்தால் போதும், அது ஆராய்ச்சிதான். நெய்வேலிச் சாம்பல் பழுப்பு நிலக்கரியிலிருந்து வருவது, சுண்ணாம்புச் சத்து அதிகம். மேட்டூர்ச் சாம்பலில் குறைவு. ஒரே கலவையில் இரண்டையும் தனித்தனியாகப் போட்டு 7, 28, 56 நாளில் உடைத்துப் பார்க்கட்டும். ஏற்கெனவே பலர் செய்ததா? இருக்கட்டுமே. உங்கள் ஊர் எம்-சாண்டிலும் கல்லூரி போர் தண்ணீரிலும் என்ன வரும் என்று யாருக்குத் தெரியும்? ஏழாம் நாள் எண் குறைந்தால் ஏன் என்று அவனே புத்தகத்தைத் தேடுவான். நான் ஒரு செமஸ்டர் முழுக்கப் போர்டில் எழுதியும் ஏறாதது அன்றைக்கு ஏறும்.

"எங்கள் பேராசிரியர்கள் நிறைய ஆராய்ச்சிப் பேப்பர் போடுகிறார்கள், மாணவர்களுக்கு நல்லதுதானே" என்னும் நிர்வாகங்களுக்கு ஒரு தகவல். 1996-இல் கல்வி ஆய்வாளர்கள் ஹாட்டி, மார்ஷ் இருவரும் 58 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். ஆராய்ச்சிக்கும் கற்பித்தலுக்கும் இருந்த ஒட்டுறவு (முழுத் தொடர்பென்றால் 1) 0.06. இல்லை என்றே சொல்லலாம். பேப்பர் தானாக வகுப்புக்குள் நடந்து வராது.

கைடுகளே, டிசம்பரிலேயே தலைப்பை முடித்துவிடுங்கள். பிப்ரவரி முதல் வாரத்துக்குள் வார்த்தால்தான் ஏப்ரல் முதல் வாரத்துக்குள் 56 நாள் ஆகும்; மார்ச்சில் ஆரம்பிப்பவன் நேரே சென்டருக்குத்தான் போவான். ரிசல்ட் சொதப்பினால் மார்க்கைக் குறைக்காதீர்கள். தேதி போட்டுக் கைப்பட எழுதிய லேப் நோட்டைக் கேளுங்கள், அதற்கு மார்க் போடுங்கள்.

தம்பி, தங்கைகளே, ஒரு கியூப் எட்டு கிலோ. தயவுசெய்து நீங்களே தூக்குங்கள். துறைத் தலைவர்கள் சனிக்கிழமை மதியமாவது லேபைத் திறந்து வைக்க வேண்டும். கியூப் வார்க்கும் மோல்டு பற்றவில்லையென்றால் பக்கத்துப் பாலிடெக்னிக்கில் கேட்டுப் பாருங்கள்; பெரும்பாலும் கொடுப்பார்கள்.