குளிர்ந்த தண்ணீர் சுட்டால், சாப்பிட்ட மீனைச் சொல்லுங்கள்

புரட்டாசி மாதக் கோவிந்தன் விரதம் முடிந்த மறுவாரம். மொரீஷியஸின் குவாத்ர் போர்ன் நகரில் என் கிளினிக்குக்கு ஓர் அம்மா வந்தார். இரண்டு நாள் வாந்தி, பேதி. அது நின்றுவிட்டதாம். அப்புறம் அவர் சொன்னதைக் கேட்டதும்தான் எனக்குப் பொறி தட்டியது: "குழாய்த் தண்ணீரில் கை வைத்தால் நெருப்பைத் தொட்ட மாதிரி எரிகிறது, டாக்டர்." உதட்டைச் சுற்றி மரத்திருந்தது. நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 48தான்.

"பெரிய மீன் ஏதாவது சாப்பிட்டீர்களாம்மா?"

களவாதான். இங்கே வியேய் என்போம். சதையைக் கடுகும் மஞ்சளும் சேர்த்து ஊறவைக்கும் வின்டாய் போட்டிருக்கிறார்கள், தலையைக் குழம்பு வைத்திருக்கிறார்கள். தலை முழுவதும் அம்மாவுக்கு. ஆளுக்கொரு துண்டு தின்ற பிள்ளைகளுக்கு வயிற்றுவலியோடு போயிற்று.

இது சிகுவாதெரா என்னும் மீன் நச்சுப் பாதிப்பு. மீன் கெட்டுப்போய் வருவதல்ல. காம்பியர்டிஸ்கஸ் என்னும் நுண்ணுயிர், செத்த பவளத்தின்மேல் படரும் பாசியில் ஒட்டி வாழ்கிறது. நஞ்சு அதிலிருந்துதான் வருகிறது. பாசியை மேயும் சின்ன மீனைப் பெரிய மீன் தின்னத் தின்ன, அந்த நஞ்சு களவாவின் உடம்பில் சேர்ந்துகொண்டே போகிறது. பாறைப் பொந்தில் பல வருஷம் வாழும் மீன் அல்லவா? ஈரல், குடல், சினை, தலை ஆகியவற்றில்தான் அதிகம். கடல் சூடேறிப் பவளம் வெளுத்துச் சாகிற காலத்தில் இது எனக்குப் பெரிய கவலை.

புளியோ மஞ்சளோ கடுகோ இதை முறிக்காது. கொதித்தாலும் ஐஸில் கிடந்தாலும் போகாது. வாடையிலும் ருசியிலும் தெரியாது. வெள்ளிக்காசு போட்டுப் பார்ப்பது, ஈ மொய்க்கிறதா என்று பார்ப்பது எல்லாம் வீண். தயவுசெய்து நம்பாதீர்கள்.

வாரா வாரா போன்ற சில மீன்களை நச்சு மீன் என்று பட்டியலிட்டு, விற்பனையை இங்கே தடை செய்திருக்கிறார்கள். அந்தப் பட்டியலில் இல்லாத மீனானாலும், பெரிய பாறை மீனைத் தவிருங்கள். தலையும் ஈரலும் வேண்டவே வேண்டாம். சின்ன மீனிலும் முழு உத்தரவாதம் இல்லை, ஆபத்து குறைவு, அவ்வளவுதான். ஆழ்கடலில் திரியும் சூரைக்கு இந்தத் தொல்லை பொதுவாகக் கிடையாது.

இந்த நஞ்சை முறிக்கும் மருந்து இல்லை. நீரிழப்பைச் சரிசெய்வோம், துடிப்பு மிகவும் குறைந்தால் அட்ரோபின் கொடுப்போம். எரிச்சலும் அரிப்பும் சிலருக்கு மாதக்கணக்கில் நீடிக்கும். அதுவரை மது, கொட்டைப் பருப்புகள், எந்த மீனும் கூடாது. இந்த அம்மா ஆறாவது வாரம் ஒரு கல்யாண வீட்டில் முந்திரி சாப்பிட்டார். மறுநாளே கை எரிச்சல் திரும்பிவிட்டது. கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மாரும் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும், நஞ்சு குழந்தைக்கும் போகும்.

மீன் சாப்பிட்ட ஒரு நாளுக்குள் வாய் மரத்தாலோ தலை சுற்றினாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள். என்ன மீன், எங்கே வாங்கியது, வேறு யார் சாப்பிட்டார்கள் என்பதை நீங்களாகவே சொல்லுங்கள். மிச்சத் துண்டு இருந்தால் எறியாமல் ஃப்ரீசரில் வையுங்கள், பரிசோதனைக்கு உதவும்.