மகுடத்தில் எத்தனை கோபுரம்?

எம்பிராய்டரி பஞ்சிங், அதாவது ஒரு படத்தை எம்பிராய்டரி இயந்திரம் தைக்கும் வடிவமாக மாற்றும் வேலையில் வெளிநாட்டு ஊர்ச் சின்னங்கள் அடிக்கடி வரும். போர்ச்சுகல்லில் ஒரு சின்ன ஊரின் பேண்டு வாத்தியக் குழுவுக்கு 300 பேட்ஜ் செய்து அனுப்பினேன். அவர்கள் தந்த படம் மங்கல். கேடயத்தின் மேலிருந்த மகுடம் சரியாகத் தெரியாததால், லிஸ்பன் சின்னத்தைப் பார்த்து ஐந்து கோபுரம் போட்டுவிட்டேன். “வேலை சுத்தம். ஆனால் இது எங்கள் ஊர் இல்லை” என்று பதில் வந்தது. மொத்தத்தையும் மறுபடி தைத்தோம்.

கோட்டை மதில் போன்ற அந்த மகுடம் வெறும் அலங்காரம் இல்லை. ஊரின் தகுதியே அதில்தான் இருக்கிறது. 1930இல் வகுத்த விதிகளின் வழியில் 1991இல் சட்டமும் வந்தது. நகரத்துக்கு ஐந்து கோபுரம், ‘விலா’ எனப்படும் சிறு நகருக்கு நான்கு, எல்லாம் வெள்ளி நிறம். தலைநகர் லிஸ்பனுக்கு மட்டும் தங்க நிறத்தில் ஐந்து.

மக்கள்தொகையை வைத்து ஊகிக்காதீர்கள். சின்ட்ரா நகராட்சியில் மூன்றரை லட்சத்துக்கும் மேல் மக்கள். ஆனாலும் சின்ட்ரா இன்றும் விலாதான். பழைய படத்தையும் அப்படியே நம்ப வேண்டாம். லிஸ்பனுக்கு எதிர்க்கரையில் இருக்கும் பரெய்ரு 1984இல்தான் நகரமானது. அதற்கு முந்தைய படத்தில் நான்கு கோபுரம் இருந்தால் அது அன்றைக்குச் சரி, இன்றைக்குத் தவறு.

கொடியும் துப்புக் கொடுக்கும். நடுவிலிருந்து எட்டுத் துண்டுகளாக விரிந்தால் அது நகரக் கொடி. லிஸ்பனுடையது கறுப்பும் வெள்ளையும். விலாவின் கொடி ஒரே நிறமாகவோ நான்கு கட்டமாகவோ இருக்கும். அப்புறம், கேடயத்துக்குக் கீழே உள்ள நாடாவில் பெரும்பாலும் ஊர்ப்பெயர் இருக்கும். அதையும் ஓர் எழுத்து விடாமல் படியுங்கள்.

படம் எவ்வளவு மங்கலாக இருந்தாலும் மகுடத்தின் நட்டநடுவைப் பாருங்கள். ஐந்து என்றால் அங்கே ஒரு கோபுரம் நிற்கும். நான்கு என்றால் அங்கே இடைவெளிதான். இப்போதெல்லாம் அந்தப் பகுதியை மட்டும் பெரிதாக்கி அனுப்பி, ஊர்க்காரர்கள் சரி என்ற பிறகே பஞ்சிங்கைத் தொடங்குகிறேன். 6 செ.மீ. பேட்ஜில் நூல் பரவி அந்த இடைவெளி மூடிக்கொள்ளும். அதனால் இரண்டாம் முறை தைத்தபோது அதைக் கொஞ்சம் அகலமாகவே விட்டேன்.