மக்களவைக்கும் மனு போடலாம்

திங்கட்கிழமை தர்மபுரி கலெக்டர் ஆபீஸுக்கு மனுவோடு வருபவர் கையைப் பாருங்கள். ஆதார் ஜெராக்ஸ், ரேஷன் கார்டு நகல், போன தடவை கொடுத்த மனுவின் ரசீது என்று பின் அடித்து, மனுவை விட இணைப்பு தடித்திருக்கும். நாடாளுமன்றத்துக்குப் போடும் மனுவில் அது ஆகாது. கடிதம், பிரமாணப் பத்திரம், நகல் எதையும் சேர்க்கக் கூடாது என்பது விதி.

ஆமாம், மக்களவைக்கும் மனு போடலாம். எம்.பி. ஆபீஸில் கொடுத்துவிட்டு வரும் கோரிக்கைக் கடிதம் வேறு. இது அவையின் நடைமுறை விதிகளிலேயே உள்ள வழி.

விஷயம் பொதுநலம் சார்ந்ததாக, மத்திய அரசின் பொறுப்பில் வருவதாக இருக்க வேண்டும். தொப்பூர் கணவாயில் ஓயாத விபத்துகள், கிருஷ்ணகிரி நகருக்கு இப்போது ரயில் இல்லாதது, இரண்டையும் எழுதலாம். ஒன்று தேசிய நெடுஞ்சாலை, மற்றது ரயில்வே. டவுன் பஸ் வரவில்லை, ஒகேனக்கல் தண்ணீர் வரவில்லை என்றால் அது மாநில அரசின் வேலை. கலெக்டர் ஆபீஸ்தான் சரி. கோர்ட்டில் நடக்கும் விஷயமும் கூடாது.

"மக்களவைக்கு" என்று தொடங்கி, குறையைச் சொல்லி, என்ன செய்ய வேண்டும் என்ற வேண்டுகோளோடு முடிக்க வேண்டும். பெயர், முகவரி, கையெழுத்து அல்லது கைரேகை போதும். தமிழில் எழுதினால் ஆங்கிலம் அல்லது இந்தி மொழிபெயர்ப்பையும் கையெழுத்திட்டுத் தர வேண்டும். அவையில் எம்.பி. தமிழில் பேசினால் உடனுக்குடன் மொழிபெயர்க்க ஆள் வைத்திருக்கிறார்கள். மனு கொடுப்பவருக்கு மட்டும் அந்தச் செலவு அவர் தலையில். முதலில் மாற்ற வேண்டியது இதைத்தான்.

அடுத்து, மனுவை அவையில் எம்.பி. ஒருவர் அளிப்பதானால் அவர் மேலொப்பமிட வேண்டும். அளிக்கும்போது விவாதம் கிடையாது. மனு, 15 பேர் கொண்ட மனுக்கள் குழுவுக்குப் போகும்; அமைச்சர்கள் இதில் இருக்க முடியாது. குழு அமைச்சக அதிகாரிகளைக் கூப்பிட்டு விசாரிக்கலாம். ஆனால் அதன் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தாது. எம்.பி. கிடைக்காவிட்டால் குழுவுக்கே நேராகக் கடிதம் எழுதலாம். அது முறையான மனு ஆகாது, என்றாலும் குழு எடுத்துக்கொள்ள வழி இருக்கிறது.

பிரிட்டனில் ஆன்லைன் மனுவில் 10,000 பேர் கையெழுத்திட்டால் அரசு பதில் சொல்கிறது. ஒரு லட்சம் சேர்ந்தால் விவாதத்துக்குப் பரிசீலிக்கிறார்கள். இங்கே அப்படி ஒரு கணக்கு இல்லை. தர்மபுரியே திரண்டு கையெழுத்திட்டாலும் அவை விவாதித்தே ஆக வேண்டும் என்றில்லை.

மனு போடுவதாக இருந்தால் தேர்தல் நெருங்கும்வரை காத்திருக்காதீர்கள். மக்களவை கலைந்தால் குழுவிடம் கிடக்கும் மனுக்களும் காலாவதியாகிவிடும்.