பற்றவைக்காமலே ஒட்டிக்கொள்ளும் செம்பு

போன சித்திரையில் ஒரு ராத்திரி, காட்பாடி ரயில்வே மேம்பாலத்தில் என் பைக் ஹெட்லைட் பொசுக்கென்று அணைந்தது. மறுநாள் சத்துவாச்சாரியில் எலக்ட்ரீஷியன் அண்ணன் கப்ளரை, அதாவது ஒயர்களை இணைக்கும் பிளாஸ்டிக் கூட்டை, பிரித்துக் காட்டினார். பல்பும் ஃபியூஸும் நன்றாக இருந்தன. ஒயர் நுனியைப் பிடித்திருக்கும் உலோகப் பின்களில் ஒன்று மட்டும் கறுத்துப் போய், சுற்றியிருந்த பிளாஸ்டிக் உருகியிருந்தது.

"யாரோ கட்டிங் பிளேயர்ல நசுக்கிட்டிருக்காங்க சார்."

12 வோல்ட்டில் 35 வாட் பல்ப் ஏறத்தாழ 3 ஆம்பியர் இழுக்கும். சரியாகப் பிடிக்காத இணைப்பில் 0.1 ஓம் தடை இருந்தால் அங்கே 0.9 வாட் வெப்பம் உண்டாகும். கேட்க அற்பம்தான். ஆனால் அது அரிசிமணி அளவு உலோகத்தில், மூடிய பிளாஸ்டிக் கூட்டுக்குள், மணிக்கணக்கில் தேங்குகிறது. வேலூர் வெயில் வேறு. சூட்டில் பிடி தளரும், தளர்ந்தால் தடை ஏறும், தடை ஏறினால் இன்னும் சூடு.

அந்தத் தடை எங்கிருந்து வருகிறது? ஒயருக்குள் இருக்கும் செம்பு இழைகளின் மேல் எப்போதும் மெல்லிய ஆக்சைடு படலம் இருக்கும்; அது மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. கட்டிங் பிளேயர் பின்னைத் தட்டையாக்கும், அவ்வளவுதான். இழைகள் சில மேடுகளில் மட்டும் தொட்டு நிற்கும், நடுவே காற்று.

ஒயர் நுனியில் பின்னை மடித்து அழுத்திப் பொருத்துவதற்கென்றே உள்ள கிரிம்பிங் பிளேயரின் வேலையே வேறு. அதன் தாடையில் இதயம் மாதிரி ஒரு பள்ளம் உண்டு. பின்னின் இரண்டு சிறகுகளும் அதில் உருண்டு, உள்பக்கமாக மடிந்து, இழைக்கட்டுக்குள் இறங்கும். அழுத்தம் ஏற ஏறச் செம்பு பிசைந்த மாவுபோல நகரும். அந்த நகர்வில் படலம் கிழிந்து, சுத்தமான உலோகம் உலோகத்தோடு நெருங்கும். நன்றாகப் போட்ட இணைப்பு ஒன்றைக் குறுக்கே அறுத்து லென்ஸில் பாருங்கள்: உருண்டையாக இருந்த இழைகள் தேனடை அறைகள்போல ஒட்டி நிற்கும். இடைவெளி இல்லாததால் காற்றும் ஈரமும் புக வழியில்லை.

அதிகமாக அழுத்தினாலும் ஆபத்து. இழைகள் மெலிந்து அறுந்துவிடும். நல்ல பிளேயர், உரிய அளவு முழுதாக அழுத்தும்வரை வாயைத் திறக்காது.

"மேல கொஞ்சம் ஈயம் வைக்கலாமா?" என்றேன். வேண்டாம் என்றார். உருகிய ஈயம் இழைகளுக்குள் ஏறி ஒயரை விறைப்பாக்கும். வண்டி அதிரும்போது விறைப்பு முடிகிற இடத்தில் ஒடியும். பின்புறம் இருக்கும் இன்னொரு ஜோடிச் சிறகுகள் ஒயரின் மேலுறையைப் பிடிப்பதும் இந்த அதிர்வைத் தாங்கத்தான்.

புதுப் பின்னைப் போட்டு ஒயரைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். அசையவில்லை. கப்ளரில் 'டக்'கென்று செருகினார்.