ஸ்ப்ரின்ட்டை முழுசாக நிரப்பினால் ஏன் வேலை மிஞ்சுகிறது?

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “எங்கள் டீமில் ஏழு பேர். இரண்டு வார ஸ்ப்ரின்ட். யாரும் ஒரு மணி நேரம்கூடச் சும்மா இருக்காதபடி கணக்குப் போட்டுத்தான் ஜிராவில் டிக்கெட்டுகளை நிரப்புகிறோம். எல்லோரும் முழு நேரமும் வேலை செய்கிறோம். ஆனாலும் ஒவ்வொரு முறையும் கணிசமான டிக்கெட்டுகள் ஸ்பில்ஓவர் ஆகின்றன. எங்கே தப்பு?”

அந்த “ஒரு மணி நேரம்கூடச் சும்மா இருக்காதபடி” என்பதில்தான். இது மேனேஜ்மென்ட் தத்துவம் இல்லை, சுத்தமான கணிதம்.

ஐடியில் இருப்பவர்களுக்கு ஸ்ப்ரின்ட்டை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சுருக்கமாக: ஒவ்வொரு வேலைக்கும் ஒரு டிக்கெட். செய்ய வேண்டிய வேலைகளின் நீளமான பட்டியல் பேக்லாக். அதிலிருந்து ஒரு சில வாரங்களில் முடிக்கக்கூடியதை மட்டும் பிரித்தெடுத்து, கெடு வைத்துச் செய்வது ஸ்ப்ரின்ட். கெடுவுக்குள் முடியாமல் அடுத்த ஸ்ப்ரின்ட்டுக்குப் போவது ஸ்பில்ஓவர். ஜெஃப் சதர்லாண்ட் 1993-இல் ஈஸல் என்ற நிறுவனத்தில் இந்த முறையைத் தொடங்கினார். 1995-இல் அவரும் கென் ஷ்வாபரும் ஊப்ஸ்லா என்ற மென்பொருள் மாநாட்டில் ஸ்க்ரம் என்ற பெயரில் இதை முன்வைத்தார்கள். 2002-இல் ஆஸ்திரேலியாவின் அட்லாசியன் நிறுவனம் வெளியிட்ட, வேலைகளைக் கண்காணிக்கும் மென்பொருளான ஜிராவில், இன்று ஒரு பட்டனை அழுத்தினால் ஸ்ப்ரின்ட் தொடங்கிவிடும்.

இனி கணிதம். உங்கள் டீமில் டெஸ்டர் ஒருவர்தான் என்று வைத்துக்கொள்வோம். ஒரு டிக்கெட்டைச் சோதிக்க அவருக்குச் சராசரியாக 1 மணி நேரம் ஆகிறது. சில டிக்கெட்டுகள் பத்து நிமிடத்தில் முடியும், சில அரை நாளை விழுங்கும். டிக்கெட்டுகள் அவர் கைக்கு வருவதும் இப்படித்தான், ஓர் ஒழுங்கும் கிடையாது. இந்த நிலைமையில் ஒரு டிக்கெட் அவருக்காகச் சராசரியாக எவ்வளவு நேரம் காத்திருக்கும்?

காத்திருக்கும் வரிசைகளை ஆராயும் கணிதம் வரிசைக் கோட்பாடு. அதன் மிக எளிய மாதிரி இதற்கு ஓர் அழகான விடை தருகிறது. அவர் வேலையில் இருக்கும் நேரத்தின் பங்கை, ஓய்வாக இருக்கும் நேரத்தின் பங்கால் வகுங்கள். வருகிற எண்ணை, ஒரு டிக்கெட்டுக்கு ஆகும் நேரத்தால் பெருக்குங்கள். அவ்வளவுதான்.

அவருடைய நேரத்தில் 50 சதவீதம் வேலை என்றால் 50-ஐ 50-ஆல் வகுக்க 1. காத்திருப்பு 1 மணி நேரம். 80 சதவீதம் என்றால் 80 வகுத்தல் 20, அதாவது 4 மணி நேரம். 90 சதவீதத்தில் 9 மணி நேரம். 95 சதவீதத்தில் 19 மணி நேரம்! 80-இலிருந்து 95-க்குப் போனதில் அவர் கூடுதலாகச் செய்த வேலை ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. காத்திருப்போ ஏறக்குறைய ஐந்து மடங்கு. 100-ஐத் தொட்டால் கீழே பூஜ்யம். வரிசை வளர்ந்துகொண்டே போகும், ஒரு நிலைக்கு வரவே வராது. நிஜ டீம்களில் எண்கள் மாறலாம், ஆனால் இவற்றை வரைந்தால் வரும் வளைகோட்டின் வடிவம் இதுவேதான்.

எனக்கு இந்த வளைகோட்டின் மீது தீராத காதல் உண்டு. காரணம், அது எங்கிருந்து பிறக்கிறது என்பது. ஓய்வு நேரத்தைச் சேமித்து வைக்க முடியாது. காலையில் டெஸ்டரிடம் டிக்கெட்டே இல்லை. இரண்டு மணி நேரம் போய்விட்டது. மதியம் மூன்று மணிக்கு நான்கு டெவலப்பர்கள் ஒரே சமயத்தில் டிக்கெட்டுகளை ஜிரா போர்டின் க்யூஏ, அதாவது சோதனைக் கட்டத்துக்கு நகர்த்துகிறார்கள். ஒன்றைக் கையில் எடுத்தால் மூன்று நிற்கும். வீணான காலை நேரம் இதற்கு உதவாது. புது வேலையும் வந்துகொண்டுதான் இருக்கும் என்பதால், நிற்கும் 3 மணி நேர வேலையை அவருடைய உபரி நேரத்தில்தான் கரைக்க வேண்டும். 20 சதவீதம் உபரி இருந்தால் சராசரியாக 15 மணி நேரத்தில் கரையும். 5 சதவீதம்தான் என்றால் 60 மணி நேரம். இரண்டு வார ஸ்ப்ரின்ட்டில் ஒருவருக்கு இருப்பதே 80 மணி நேரம். ஒரு மதியம் சேர்ந்த வரிசை ஸ்ப்ரின்ட்டின் முக்கால்வாசியைத் தின்றுவிடுகிறது. அது கரைவதற்குள் அடுத்த வரிசை வந்து நிற்கும்.

இதன்மேல் இன்னொரு விதியும் சேர்கிறது. ஆபரேஷன்ஸ் ரிசர்ச் அறிஞர் ஜான் லிட்டில் 1961-இல் நிரூபித்தது: கையில் இருக்கும் வேலைகளின் சராசரி எண்ணிக்கையை, முடிக்கும் வேகத்தால் வகுத்தால், ஒரு வேலை முடிய ஆகும் சராசரிக் காலம் கிடைக்கும். வாரத்துக்கு 6 டிக்கெட் முடிக்கும் டீம் 12 டிக்கெட்டுகளைத் திறந்தபடி வைத்திருந்தால், ஒவ்வொன்றுக்கும் சராசரியாக 2 வாரம். அதே வேகத்தில் 4 மட்டும் திறந்திருந்தால் மூன்றரை வேலைநாளுக்குள் முடியும். யாரும் கூடுதலாக உழைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

மிச்சமிருக்கும் வேலையை நாள்வாரியாகக் காட்டும் உங்கள் பர்ன்டவுன் சார்ட்டைத் திறந்து பாருங்கள். சிவப்புக் கோடு ஏழெட்டு நாள் தட்டையாகப் போய், கடைசியில் செங்குத்தாக விழுகிறதா? முதல் நாளே எல்லோரும் ஆளுக்கு இரண்டு டிக்கெட்டைத் திறந்துவிட்டீர்கள் என்று அர்த்தம். போர்டின் வலது ஓரத்துக் கட்டத்துக்கு வந்தால்தான் ஜிரா ஒரு டிக்கெட்டை முடிந்ததாக எடுத்துக்கொள்ளும். கோட் எழுதியாகிவிட்டது, ரிவ்யூ மட்டும் பாக்கி என்றெல்லாம் பாதி மதிப்பெண் கிடையாது. ஒரு வேலை (ஸ்டோரி) எவ்வளவு பெரியது என்று டீம் போடும் மதிப்பீடுதான் பாயின்ட். 8 பாயின்ட் ஸ்டோரி இந்த ஸ்ப்ரின்ட்டில் முடியாவிட்டால் பூஜ்யம், அடுத்ததில் முடிந்தால் முழு 8. அதனால் ஒரே ஒரு ஸ்ப்ரின்ட்டின் வெலாசிட்டியை, அதாவது அதில் முடித்த மொத்த பாயின்ட்டுகளை, வைத்து எதையும் சொல்ல முடியாது. சிலவற்றின் சராசரிதான் பேசும்.

இரண்டு டீம்களின் வெலாசிட்டியை ஒப்பிட்டு ஒன்றைத் திட்டுவதும், காலாண்டுக்குப் பத்து சதவீதம் ஏற்றச் சொல்வதும் என்னைப் பொறுத்தவரை மூடநம்பிக்கை. பாயின்ட் என்பது அந்தந்த டீம் தனக்காக வைத்துக்கொண்ட அளவு. ஏற்றச் சொன்னால் எண் ஏறும், 3 பாயின்ட் வேலை 5 ஆகும்.

வரிசைக் கோட்பாடு டென்மார்க்கில் பிறந்தது. கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் இருந்த அக்னர் எர்லாங் என்ற கணிதவியலாளர் 1909-இல் தொலைபேசி அழைப்புகளைப் பற்றி எழுதிய கட்டுரைதான் தொடக்கம். ஒரு கம்பெனி கணித ஆளை வேலைக்கு வைத்ததால் உலகத்துக்கே கிடைத்த அறிவு. அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டத்திலும் கணினித் துறை மாணவர்களுக்கு ‘ப்ராபபிலிட்டி அண்ட் க்யூயிங் தியரி’ என்று ஒரு தாளே இருந்தது. பரீட்சையோடு பலரும் மறந்துவிட்டார்கள். ஸ்க்ரம் சான்றிதழ்களுக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பங்கையாவது நம் நிறுவனங்கள் பல்கலைக்கழகக் கணிதத் துறைகளுக்குக் கொடுக்க வேண்டும் என்று மனதார நம்புகிறேன்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. அடுத்த ப்ளானிங்கில் டெவலப்பர்களின் நேரத்தை வைத்துத் தொடங்காமல், யாரிடம் வரிசை நிற்கிறதோ அவரிடமிருந்து தொடங்குங்கள். பெரும்பாலும் டெஸ்டர், சில இடங்களில் கோட் ரிவ்யூ செய்யும் சீனியர். அவருடைய நேரத்தில் முக்கால் பங்குக்கு மட்டும் வேலை எடுங்கள். 8 பாயின்ட் ஸ்டோரியை 3, 3, 2 என்று உடைக்க முடிந்தால் உடையுங்கள். போர்டு செட்டிங்ஸில் க்யூஏ கட்டத்துக்கு அதிகபட்சம் 3 என்று வரம்பு வையுங்கள்; மீறினால் அந்தக் கட்டம் சிவப்பாகும். அப்போது கை காலியாக இருக்கும் டெவலப்பர் பேக்லாக்கிலிருந்து புது டிக்கெட்டை இழுக்கக் கூடாது. டெஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்து, நிற்கிற மூன்றில், தான் எழுதாத ஒன்றை எடுத்துச் சோதிக்கட்டும்.